வலம்புரியும் இடம்புரியும்

சுவிட்சை அணைத்த பிறகும் லேத் சிறிது நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இரைச்சல் முனகலாகி, முனகலும் ஓய்ந்து, கட்டை அசைவற்று நிற்கும். பின்கட்டின் தகரக் கூரையில் அணில் ஓடுகிற சத்தம் அப்போதுதான் காதில் விழும். மரத்தை உருண்டையாகக் கடைய இயந்திரம் வேண்டும். அதில் முறுக்கு வெட்ட அது வேண்டாம். அதன் பிறகு எல்லாம் கைதான். இடது கையால் கட்டையைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், வலது கையால் அராவ வேண்டும். மறுபடி திருப்ப வேண்டும், மறுபடி அராவ வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு கடைசல் பழகியவன் நான். முறுக்கு வைத்த மெழுகுவத்தித் தண்டுகளை விரும்பிச் செய்வது, பெரும்பாலும் இந்த நிசப்தத்துக்காகவே.

தமிழில் மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். பழைய கடைசலைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுப்பார், மத்து சுற்றுவதுபோல மரம் சுற்றும், இன்னொருவர் உளி பிடிப்பார். எங்கள் பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே போனால் அம்பாசமுத்திரம். அங்கே சொப்புச் சாமான் கடைவதைச் சிறுவயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி, சிவப்பாகவும் பச்சையாகவும் மரத்தில் படியும். அந்தச் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் தண்டுக்கு எடுத்தது மஞ்சள்கடம்பு. இழை நெருக்கமான மரம், உளிக்கு இணங்கும். 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு அதை உருட்டிக்கொண்டேன். முறுக்கு வரவேண்டிய பகுதி 180 மில்லிமீட்டர். முதலில் அதன் நடுவே இரு முனையிலிருந்தும் நீளத் துளை போட்டுவிட வேண்டும். பிறகு பென்சில். நீளவாக்கில் நான்கு கோடுகள், குறுக்கே 22.5 மில்லிமீட்டருக்கு ஒரு வளையம். மரம் முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு இழுத்தால், கோடுகள் ஒன்றோடொன்று கைகோத்து மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும். எதிரெதிராக ஏறும் இரண்டு கோடுகள் மேடு, மற்ற இரண்டும் பள்ளம். பள்ளத்தில் ரம்பத்தால் கீறி, உருண்டை அரத்தால் அகலமாக்கிக்கொண்டே போக வேண்டும்.

பள்ளம் ஆழமாகி நடுத்துளையைத் தொடும் கணம் ஒன்று உண்டு. முதலில் கடுகளவு வெளிச்சம் தெரியும். அது அரிசியளவாகி, விரலளவாகி, கடைசியில் இரண்டு புரிகளும் ஒன்றையொன்று விட்டு விலகும். அடியில் ஒன்றாகப் புறப்பட்டு, இரண்டு முறை சுற்றி, நடுவில் எங்கும் தொடாமல், உச்சியில் மறுபடி ஒன்றாகச் சேரும். எத்தனை முறை செய்தாலும் அந்த முதல் வெளிச்சம் தெரியும்போது அரத்தைக் கீழே வைத்துவிடுகிறேன். ஒரு நிமிடம் சும்மா நிற்பேன்.

ஆசைப்பட்டு ஒருமுறை நெருக்கமாக நான்கு சுற்று வைத்தேன். உப்புத்தாள் போடும்போது புரி மளுக்கென்று முறிந்தது. மரத்தின் இழை நேராக மேலே ஓடுகிறது, நாம் வெட்டும் முறுக்கோ சாய்ந்து ஓடுகிறது. மிகவும் சாய்ந்துவிட்டால் இழைகள் துண்டு துண்டாகிப் புரிக்குள் பிடிமானம் இல்லாமல் போகும். மரம் வளர்ந்த விதத்துக்கு மரியாதை கொடுத்தால் இரண்டு சுற்று. அதற்குமேல் கேட்கக் கூடாது என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

முறுக்கு மரத்தில் மட்டுமல்ல. விளக்கில் எரியும் திரிக்கு அந்தப் பெயர் வந்ததே திரிப்பதால்தான். அம்மா தொடைமேல் பஞ்சை வைத்து உள்ளங்கையால் ஒரே இழுப்பில் திரிப்பாள். கையை எடுத்தால் திரி லேசாகப் பிரியும், அவள் மறுபடி ஓர் உருட்டு உருட்டுவாள். அப்படிப் பிரியாமலிருக்கக் கயிறு திரிப்பவர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்த்திசையில் முறுக்குவார்கள். ஒன்று பிரியப் பார்த்தால் இன்னொன்று இறுகும். அதனால்தான் கயிறு கயிறாக இருக்கிறது.

முறுக்குக்குத் திசை முக்கியம் என்று தெரிந்திருந்தும், ஜோடித் தண்டுகள் செய்தபோது நான் தவறினேன். மேசையின் இரு பக்கமும் வைக்கும் தண்டுகளில் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் முறுக வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். முதல் தண்டு முடிந்ததும் இரண்டாவதற்கும் அதே கோடுகளை வரைந்தேன். கட்டையை லேத்தில் தலைமாற்றிப் பூட்டினால் முறுக்கும் திசை மாறிவிடும் என்பது என் எண்ணம். மாறாது. ஒரு திருகாணியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். புரி அப்படியேதான் இருக்கும். வலம்புரியை எப்படித் திருப்பினாலும் வலம்புரிதான்.

இரண்டையும் கூடத்தில் வைத்தபோது என் மனைவி சிறிது நேரம் பார்த்தாள்.

“ஏங்க, ரெண்டும் ஒரே பக்கமா சாயுதே?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் உள்ளே போய், “நல்லாத்தான் இருக்கு, விடுங்க” என்றாள்.

மறுநாள் முதல் தண்டை நிலைக்கண்ணாடி முன் நிறுத்தினேன். நான் செய்ய வேண்டியது உள்ளே நின்றது. மரத்தைப் புரட்டிப் புரட்டித் தேடியும் அகப்படாதது, கண்ணாடிக்குள் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, கோடுகளை வலமிருந்து இடமாக ஏற்றி வரைந்தேன்.

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களுக்கு அகப்படுவதெல்லாம் இடம்புரி. வலம்புரி எப்போதாவது ஒன்று, அதனால் அதற்கு மதிப்பு. எனக்கு நேர்மாறாக ஆயிற்று. வலம்புரி என் கைக்குப் பழகிய ஒன்று. இடம்புரியில் நிற்கும் இடம் மாறியது, முழங்கை போகும் வழி மாறியது. ஓர் அராவலுக்கு ஒருமுறை நின்று, எது மேடு, எது பள்ளம் என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் மேலே போக முடிந்தது. மூன்று நாளில் முடிகிற வேலைக்குப் பத்து நாளாயிற்று.

அந்தப் பத்து நாளில்தான் ஒன்று உறைத்தது. பரமண்டல ஜெபத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் நான்தான் சொல்வேன், உரக்க, தங்கு தடையில்லாமல். சொல்லி முடிக்கும்போது, எதைச் சொன்னேன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. பழகிய முறுக்குதான் அதுவும். வாய் தானாக ஏறிக்கொண்டே போகும், நான் அங்கே இருக்கமாட்டேன். இடம்புரியை அராவும்போது மனம் எங்கும் போக வழியில்லை. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லைத் தொடுமுன் நிற்பதுபோல, ஒவ்வோர் அராவலுக்குப் பின்னும் நின்றேன். அந்த நிற்றலில் ஆண்டவர் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

மனைவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெபம் முடிந்து நான் எழுந்துவிடுவேன். அவள் எழமாட்டாள். கண்ணை மூடியபடி பாயிலேயே இருப்பாள், சில நாள் கால் மணி நேரம்கூட. பகல் முழுக்க வேலை, தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொள்வேன். முப்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் நினைத்தேன். பத்தாம் நாள், துணி உப்புத்தாளைப் புரிக்குள் நுழைத்து, துண்டால் முதுகு துவட்டுவதுபோல இரு கையாலும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தபோது, வாய்விட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் நான் அன்று முழுக்க ஜெபத்தில் இருந்ததை உணர்ந்தேன். அவள் பாயில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

முறுக்குத் தண்டுக்கும் தெய்வ சந்நிதிக்கும் பழைய உறவு உண்டு. ரோமின் பேதுரு பேராலயத்தில், பீடத்துக்கு மேலே பெர்னினி 1624இல் செய்யத் தொடங்கிய வெண்கல விதானம் நான்கு முறுக்குத் தூண்களின்மேல் நிற்கிறது. அதற்கு முன்பே, அதே இடத்தில் நின்ற பழைய ஆலயத்தில் இருந்த பளிங்கு முறுக்குத் தூண்களை எருசலேமில் சாலமோன் கட்டிய ஆலயத்தோடு சேர்த்துப் பேசினார்கள், அதனால் அந்த வடிவத்துக்கே சாலமோன் தூண் என்று பெயர். ஆனால் எனக்கு நெருக்கமானது யாத்திராகமத்தில் வரும் பொன் விளக்கு. நம் தமிழ் வேதாகமத்தில் அது குத்துவிளக்கு. தண்டு, கிளை, மொக்கு, பூ எல்லாம் ஒட்டவைக்காமல் ஒரே பொன்னிலிருந்து அடித்து எடுக்கப்பட வேண்டும் என்பது கட்டளை. என் இரண்டு புரிகளும் ஒட்டவைத்தவை அல்ல. ஒரே கட்டைக்குள் இருந்தவை.

தண்டுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி நன்றாகக் காயவிட்டேன். சுடர் இறங்கி மரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பதால் உச்சியில் பித்தளைக் கிண்ணம் பொருத்தினேன், உருகும் மெழுகு வழியாமலிருக்க அதன் விளிம்பு அகலமாக. அட்வென்ட் முதல் ஞாயிறு மாலை, மின்விளக்கை அணைத்துவிட்டு இரண்டையும் ஏற்றினோம். வழக்கம்போல நான் ஜெபம் சொன்னேன், நிறுத்தி நிறுத்தி. முடிந்ததும் எழவில்லை. அவள் கண்ணைத் திறந்து ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

நான் தண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அகன்ற கிண்ணத்தின் நிழல் நேர் கீழே விழுகிறது. ஆகவே எந்தத் தண்டுக்கும் அதன் சொந்தச் சுடரின் வெளிச்சம் கிடைப்பதில்லை. வலம்புரியின் புரிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை மஞ்சளாகக் காட்டியது இடம்புரியின் மேல் எரிந்த சுடர். இடம்புரியைக் காட்டியது வலம்புரியின் சுடர்.