விசுவாசமும் வினையும்

மனிதன் இரட்சிப்படைவது விசுவாசம் ஒன்றினாலேயா, அன்றி அதற்கு மேலும் சில படிகளை அவன் ஏற வேண்டுமா? கிறிஸ்தவ உலகம் நெடுங்காலமாகக் கேட்டு வரும் வினா இது. அடுகோடியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ இது வாசற்படியில் வந்து நிற்கும் வினா. கத்தோலிக்கர், லூத்தரன் சபையார், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார் எனப் பலரும் உற்றாரும் அண்டை வீட்டாருமாக இங்கே வாழ்கின்றனர். குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் போதுமா, வளர்ந்தபின் மீண்டும் மூழ்கி எழ வேண்டுமா என்னும் கேள்வி திருமணப் பேச்சையே நிறுத்திவிடக் கூடும். வாழ்நாளெல்லாம் இயேசுவை வணங்கி, ஞானஸ்நானம் பெறாமலே கண்மூடிய ஒரு முதியவளின் பிள்ளைகளுக்கு இது நெஞ்சைப் பிளக்கும் கேள்வியுமாகும். ஆதலின் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நம் கடனாகும்.

மேலைநாட்டில் இவ்வினா பெரும் பிளவையே உண்டாக்கிற்று. மார்ட்டின் லூத்தர் 1522ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜெர்மானியப் புதிய ஏற்பாட்டில், ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், மூலத்தில் இல்லாத ‘மட்டுமே’ என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்தார். பவுலின் கருத்து அதுவே என்பது அவர் வாதம். யாக்கோபின் நிருபமோ, விசுவாசத்தினால் மாத்திரம் மனிதன் நீதிமானாவதில்லை என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறுகிறது. 1547இல் திரெந்து பொதுச்சங்கம், அருளே முதற்காரணம் என்பதை ஏற்றுக்கொண்டு, அவ்வருளோடு மனிதன் ஒத்துழைக்கவும் வேண்டும் என்று வரையறுத்தது. இருதரப்பாரும் ஒரே வேதத்தையே கையில் ஏந்தி நின்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆயின், 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின்னரே தமிழர் இவ்வினாவைக் கேட்டனர் என எண்ணுதல் பொருந்தாது. கன்னட நாட்டு மேல்கோட்டையில் பல்லாண்டுகள் தங்கி வாழ்ந்த இராமாநுசரின் வழிவந்தோர், இறைவனிடம் அடைக்கலம் புகுதலாகிய சரணாகதியைப் பற்றி இதே வாதத்தை நிகழ்த்தினர். தாயைக் குட்டி இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்கின் நெறியை வடகலையார்க்கும், குட்டியைத் தாயே வாயில் கவ்விச் செல்லும் பூனையின் நெறியைத் தென்கலையார்க்கும் உரியதாகக் கூறுவது மரபு. உயிரின் முயற்சி சிறிதேனும் வேண்டுமா என்பதில் இவர்கள் வேறுபட்டனர். எனினும், அடைக்கலம் புகுந்தவன் செய்யும் தொண்டாகிய கைங்கரியத்தை அருளுக்குக் கொடுக்கும் விலையாக இருசாராரும் கருதவில்லை. அருள் பெற்றவன் அடையும் பேறு என்றே கொண்டனர். இவ்வேறுபாடு நம் வினாவிற்கும் ஒளி தருவதாகும்.

இம்மண்ணில் முளைத்தவரே ‘கிறிஸ்தவக் கம்பர்’ எனப் போற்றப்படும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில், 1827இல், வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் நூலாக வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவியது. அக்கதையின் அமைப்பே நம் வினாவிற்கு ஒரு விடை எனலாம். பாவச் சுமையை முதுகில் தாங்கி வரும் யாத்திரிகன் சிலுவையின் முன் நிற்கும்போது அச்சுமை தானே கழன்று வீழ்கிறது. அவன் அதனை அவிழ்க்கவும் இல்லை. அதற்கு விலை கொடுக்கவும் இல்லை. ஆனால், கதை அங்கே முடிந்துவிடவில்லை. மலையும் பள்ளத்தாக்கும் சிறையும் ஆறும் அதன் பின்னரே வருகின்றன. சுமையை இறக்குவதற்காக அவன் நடக்கவில்லை. சுமை இறங்கியதனால் நடக்கிறான்.

சுவிசேஷத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. இயேசுவுடன் சிலுவையில் அறையுண்ட கள்வன் ஞானஸ்நானம் பெறவில்லை. ஒரு நற்செயல் புரியவும் அவனுக்குப் பொழுதில்லை. ஆயினும் பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலனோ, மீட்படையத் தான் செய்ய வேண்டுவது யாது எனக் கேட்டான்; விசுவாசம் ஒன்றே விடையாகக் கிடைத்தது. அவன் வாளா இருந்தானா? தான் தொழுமரத்தில் மாட்டிவைத்த கைதிகளை அதே இரவில் அழைத்துப்போய், அவர்தம் காயங்களைக் கழுவினான். பின்னர்க் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான். அவர்களுக்கு உணவும் படைத்தான். வாழ்வதற்குக் காலம் கிடைத்தவனிடம் விசுவாசம் இவ்வாறு கைகால் முளைத்து எழுந்து நடக்கும்.

குழந்தை தன் பிறப்பிற்கு விலை கொடுப்பதில்லை. எனினும், பிறந்த குழந்தை அழவும் பால் குடிக்கவும் காணோமெனில் தாய் அஞ்சுகிறாள். அழுகை உயிரைத் தருவதன்று. உயிர் உண்டு என்பதன் அடையாளம். அன்பும் ஈகையும் அத்தகையனவே. ஞானஸ்நானத்தை அருள் பாயும் வாய்க்கால் என்பாரும், அருள் பெற்றமைக்குச் சான்று என்பாரும் உளர். எங்ஙனமாயினும் அதனை மனிதன் செலுத்தும் கட்டணம் என எவரும் கூறார். வாய்ப்பிருந்தும் அதனை இகழ்ந்து ஒதுக்குவது வேறு; வாய்ப்பின்றியோ, உற்றாருக்கு அஞ்சியோ, பெறாமல் மறைவது வேறு.

அறிஞர் உலகமும் இத்திசையிலேயே நகர்ந்துள்ளது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியினால் அன்று, அருளினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். அவ்வருளே நம்மை நற்செயல்களுக்கு ஆற்றலுடையோராக்குகிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்ட் உலகப் பேரவை 2006இல் அதனோடு இணைந்தது. வேறுபாடுகள் முற்றும் நீங்கிவிடவில்லை. ஆயினும் நானூற்றைம்பது ஆண்டுப் பகை தணிந்தது.

அங்ஙனமாயின், பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்து, ஒருவர்க்கொருவர் துணையாக வாழும் நமக்குள் இப்பிணக்கு ஏன்? நற்செயலென்னும் அளவுகோல் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே அளந்துகொள்ளத் தரப்பட்டது. அண்டை வீட்டாரின் மோட்சத்தை அளப்பதற்கன்று. ‘நான் நம்புகிறேன்’ என்பவன், தான் யாருடைய காயத்தைக் கழுவினான் எனத் தன்னையே வினவுக. ஞானஸ்நானமின்றி மறைந்த தாய்க்காகக் கலங்குவோர், கள்வனை ஏற்ற அந்தக் கருணையிடம் அவளை ஒப்புவித்து ஆறுதல் பெறுக. விசுவாசம் ஒன்றே போதும். மெய்யான விசுவாசமோ ஒருபோதும் தனித்திராது.