பழைய விமானமும் பழைய துணியும்

தானே ஓட்டிக்கொண்டு போவதற்கு ஒருவர் ஒரு சின்ன ஜெட் விமானத்தைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். "சைக்கிளுக்கு டியூப் மாத்தவே காசில்ல, உனக்கு ஏரோப்பிளேன் கேக்குதா?" என்றார். சிரித்தது தப்பில்லை. ஆனால் அந்தக் 'கேக்குதா' என்ற சொல்லை என்னால் விட்டுவிட முடியவில்லை. நம்மைப் பார்த்துக் காலங்காலமாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி அது. செருப்பு கேக்குதா, குடை கேக்குதா, பேண்ட் சட்டை கேக்குதா என்று. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி தொங்கக்கூடாது, சட்டை கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. ஒரு பொருளுக்கு ஆசைப்படுவது என்பது நம் விஷயத்தில் வெறும் ஆசையாக ஒருபோதும் இருந்ததில்லை.

அமெரிக்காவில் இந்தப் பழைய ஜெட் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் ஜெட் என்றால் இரண்டு விமானிகள் வேண்டும். செஸ்னா கம்பெனிக்காரன் 1977இல் தன் சிட்டேஷன் விமானத்தில் ஒரே ஆள் ஓட்டும்படியான ஒரு வகைக்கு அனுமதி வாங்கினான். அதிலிருந்து முதலாளியே விமானியாக உட்காருவது வழக்கத்துக்கு வந்தது. புதுசு வாங்கப் பணமில்லாதவன், அதாவது நம் கணக்கில் பெரும் பணக்காரனாக இருந்தும் அவர்கள் கணக்கில் நடுத்தரமானவன், பழசைத் தேடிப் போகிறான். பழைய விமானம் விலை மலிவாகக் கிடைக்கும். ஏமாறுகிற இடமும் அதுதான். அதன் எஞ்சினை இத்தனை மணி நேரம் பறந்ததும் மொத்தமாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பழைய சிட்டேஷனின் எஞ்சினுக்கு அது 3500 மணி. அந்தக் கெடு நெருங்கிய விமானத்தை வாங்கினால் இரண்டு எஞ்சினையும் புதுப்பிக்கிற செலவு, விமானம் வாங்கின விலையையே தாண்டிவிடும். ஆகவே விவரம் தெரிந்தவன் முதலில் பெயிண்டைப் பார்க்க மாட்டான், தோல் சீட்டைப் பார்க்க மாட்டான். லாக்புக்கைக் கேட்பான்.

விமானம் பிறந்த நாளிலிருந்து பறந்த ஒவ்வொரு மணியும், மாற்றிய ஒவ்வொரு பாகமும், எந்த மெக்கானிக் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார் என்பதும் அதில் இருக்கும். நடுவில் ஒரு புத்தகம் தொலைந்துபோனால் விமானம் நன்றாகப் பறந்தாலும் விலை விழுந்துவிடும். வரலாறு இல்லாத இரும்பை யாரும் நம்புவதில்லை. (நம்மிடம் சாதிச் சான்றிதழுக்கு அப்பன், தாத்தன் பேப்பரையெல்லாம் கொண்டுவா என்று கேட்கிற தாசில்தார் ஆபீஸ் ஞாபகம் வந்தது. இயந்திரத்துக்காவது எழுதிவைக்க ஆள் இருந்திருக்கிறது.) கடனில் அடகு இருக்கிறதா என்று பதிவேட்டில் தேடுவார்கள். வேற்றிடத்து மெக்கானிக்கிடம் விட்டுத் தகடுகளைக் கழற்றி உள்ளே துரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவும் முடிந்தபிறகுதான் பணம் கைமாறும்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு விஷயம். இவ்வளவு தோண்டித்துருவிக் கேட்கிறவர்கள், முன்னால் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்த உடம்பு யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. எந்தச் சாதிக்காரன், எந்த நிறத்துக்காரன் என்பது விலையில் சேராது. பழைய பொருள் அங்கே தன் பழைய உடைமையாளனைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறது. கொஞ்சம் தேய்மானம், அவ்வளவுதான்.

நமக்குப் 'பழசு' அப்படி வந்ததில்லை. மனு பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளனுக்கு விதித்திருப்பதைப் பாருங்கள்: செத்தவர் மேல் கிடந்த துணி, உடைந்த பாத்திரம், இரும்பு நகை. மலிவாகக் கிடைப்பதால் வாங்கிக்கொள் என்று அங்கே சொல்லப்படவில்லை. இன்னொருவன் கழித்துப்போட்டது என்பது உன் மேல் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. எங்க அம்மா ஊர்த்தெருவில் கதிர் அறுக்கப் போய் வரும்போது ஆண்டை வீட்டுப் பிள்ளையின் டிராயர் ஒன்றைக் கொண்டுவருவாங்க. துவைச்சு, பட்டன் தைச்சுப் போட்டுவிடுவாங்க. பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் எல்லார் முன்னாலயும் கைநீட்டி "அது என் டிராயர்டா" என்பான். துணிக்கு லாக்புக் இல்லை. ஆனால் யாருடையது என்பதை அது சொல்லிக்கொண்டே இருந்தது. பின்னால் காலேஜ் படிக்கும்போது டவுன் பிளாட்பாரத்தில் பழைய சட்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். காலர் நைந்திருந்தது. எவன் போட்டானோ தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது இருந்த நிமிர்வு, புதுச் சட்டையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இரண்டும் பழசுதான். ஒன்று பெற்றது, மற்றது வாங்கினது.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கிவிட்டால் விடுதலைதானா? இங்கேதான் பெஸ்ஸி கோல்மன் குறுக்கே வருகிறாள்.

1892இல் டெக்சாஸில் குத்தகை விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த கறுப்புப் பெண். பருத்தி எடுத்தவள். சிகாகோவுக்குப் போய் முடிதிருத்தும் கடையில் நகம் வெட்டி அழகுபடுத்தும் வேலை பார்த்தாள். பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். அமெரிக்காவில் ஒரு பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு படித்துக்கொண்டு 1920இல் பிரான்சுக்குக் கப்பலேறி, 1921 ஜூன் 15இல் உரிமம் வாங்கினாள். உரிமம் கையில் இருக்கிறது, விமானம்? வானத்தில் வித்தை காட்டிப் பிழைக்கச் சொந்த விமானம் வேண்டும். அப்போது அவளால் எட்ட முடிந்தது, முதல் உலகப் போருக்காகச் செய்து, போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் கழித்துப்போட்ட கர்ட்டிஸ் 'ஜென்னி' ஒன்றுதான். 1923இல் கலிபோர்னியாவில் பழைய ஜென்னி ஒன்றை வாங்கினாள். பிப்ரவரியில் சாண்டா மோனிகாவில் கிளம்பின கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்று விழுந்தது. காலும் விலா எலும்பும் முறிந்தன. மறுபடியும் காசு சேர்த்தாள். டல்லாஸில் இன்னொரு பழைய ஜென்னி. அவளிடம் வேலை பார்த்த வில்லியம் வில்ஸ் என்ற வெள்ளைக்கார மெக்கானிக் அதை ஃபுளோரிடாவுக்கு ஓட்டி வந்தபோதே வழியில் ஒருமுறைக்கு மேல் கோளாறாகி இறக்க வேண்டி வந்தது. 1926 ஏப்ரல் 30, ஜாக்சன்வில். மறுநாள் பாராசூட்டில் குதிக்க வேண்டிய இடத்தை எட்டிப் பார்ப்பதற்காக அவள் பெல்ட் போடவில்லை. விமானம் தலைகுப்புறப் பாய்ந்து கவிழ்ந்தது. அவள் வெளியே விழுந்து செத்தாள். வில்ஸும் விமானத்தோடு விழுந்து செத்தார். கண்ட்ரோலில் ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்தது. யாரோ ரிப்பேர் பார்த்துவிட்டு மறந்து விட்டுப்போன ஒரு ஸ்பேனர்.

அவள் காசு கொடுத்து வாங்கினாள். யாரும் பிச்சை போடவில்லை. ஆனாலும் வெள்ளை ராணுவம் கழித்ததை மட்டுமே வாங்க முடிகிற கைக்கு, செத்தவர் துணி என்ற விதி வேறு வழியில் வந்து சேர்ந்துவிட்டதா இல்லையா? சந்தை மனுவை விட நல்லவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறுங்கையோடு போகிறவனுக்குச் சந்தையும் மிச்சத்தைத்தான் எடுத்து வைக்கும்.

"அவளுக்கு அவசரம், திமிர்" என்பார்கள். தர்மன் மன்சன் என்று நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஒருவர் இருந்தார். வீட்டுக்குப் போய்வர சிட்டேஷன் ஜெட் வாங்கி, வாங்கின சில வாரத்துக்குள், 1979 ஆகஸ்ட் 2இல், ஒஹையோவில் தரையிறங்கிப் பழகும்போது விழுந்து இறந்தார். உடன் இருந்த இருவர் பிழைத்தார்கள். அந்த ஜெட்டில் அவருக்குப் பழக்கம் குறைவு. அவரைப் பற்றி இன்றும் துக்கத்தோடு பேசுகிறார்கள், பேசட்டும். நல்ல ஆட்டக்காரர். அவருக்கு இன்னும் ஆறு மாதம் பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை உட்கார வைத்துப் பறக்க வசதி இருந்தது. பெஸ்ஸிக்கு வேறு விமானமே இல்லை. ஆபத்தைத் தானாக ஏற்றுக்கொண்டார்கள் என்று இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும் அறவியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு வழி இருந்தவனின் துணிச்சலும் வழியே இல்லாதவளின் துணிச்சலும் எடை போடும்போது தனித்தனித் தட்டில் வைக்கப்பட வேண்டும்.

இடதுசாரித் தோழர்கள் இன்னொன்று சொல்வார்கள். ஒரு மனுசன் போக மணிக்கு நானூறு ஐநூறு லிட்டர் எரிக்கிற வண்டி, அது என்ன நியாயம் என்று. நியாயமே இல்லை. பூமி சூடாகிக்கொண்டிருக்கிற காலத்தில் அதை நான் ஆதரிக்கவும் இல்லை. நாளைக்கு நம்மில் ஒருத்தர் பணம் சேர்த்து அப்படியொன்றை வாங்கினாலும் எரிகிற எண்ணெய் எண்ணெய்தான். அதற்குத் தலித் எண்ணெய் என்று பேர் வைத்துத் தப்பிக்க முடியாது. ஆனால் 'வேண்டாம்' என்று சொல்வதற்கு முதலில் 'வேண்டும்' என்று சொல்ல முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். இடுப்புத்துணியோடு நிறுத்தப்பட்டவனிடம் போய் எளிமையின் பெருமையைப் பேசினால், அது அறமாகாது. கோட்டைக் கழற்றியவர் தேசத்துக்குத் தந்தையானார். கோட்டைப் போட்டுக்கொண்ட நம் தலைவரைப் பார்த்து இன்றைக்கும் முணுமுணுக்கிற ஆட்கள் உண்டு. துறப்பு என்பதும் உடைமைதான். அதுவும் நம்மிடம் இருந்து பிடுங்கப்பட்டது.

பெஸ்ஸி வேண்டாம் என்று சொன்ன இரண்டு சமயங்கள் பதிவில் இருக்கின்றன. அவளை வைத்துப் படம் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. முதல் காட்சியிலேயே கிழிந்த துணியும் கைத்தடியும் முதுகில் மூட்டையுமாக வரச் சொன்னார்கள். முடியாது என்று வந்துவிட்டாள். விமானம் வாங்கக் காசுக்கு அலைந்துகொண்டிருந்தவள், அந்தக் காசை விட்டுவிட்டாள். தான் வளர்ந்த வாக்சஹாச்சியில் பறந்து காட்ட வேண்டியிருந்தபோது, கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் ஒரே வாசல் என்றால்தான் பறப்பேன் என்றாள். வாசல் ஒன்றாயிற்று. உள்ளே உட்காருகிற இடம் தனித்தனியாகத்தான் இருந்தது.

அவள் செத்து ஆறு வருசம் கழித்து, 1932இல், ஜேம்ஸ் பானிங், தாமஸ் ஆலன் என்ற இரண்டு கறுப்பு இளைஞர்கள், பழைய பாகங்களைக் கொண்டு ஒட்டுப்போட்ட ஒரு விமானத்தில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பினார்கள். கையில் 25 டாலர். வானத்தில் பறந்தது 42 மணி நேரத்துக்கும் குறைவு, ஆனால் போய்ச் சேர 21 நாள் ஆயிற்று. இறங்கின ஊரிலெல்லாம் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் கை நீட்ட வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் தங்கள் பேரை இறக்கையின் நுனியில் எழுதிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. காசு கொடுத்தவர், சாப்பாடு போட்டவர், படுக்க இடம் கொடுத்தவர் என்று ஒவ்வொருவராக வந்து எழுதினார்கள். அந்தப் பேர்களோடு அது நியூயார்க்கில் போய் இறங்கியது.