ஆண் கட்டெறும்பு

மழை விட்ட இரவு. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் மொட்டை மாடி விளக்கைச் சுற்றி ஒரே இறகுக் கூட்டம். "ஈசல் வந்துடுச்சு, லைட்டை அணைடா" என்று கீழேயிருந்து அம்மா. அணைப்பதற்குள், சுவரில் உட்கார்ந்திருந்த ஒன்றை நான்கு படம் எடுத்துவிட்டேன்.

காலையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈசலுக்கு இடுப்பு கிடையாது. நான்கு இறகும் ஒரே நீளம். உணர்கொம்பு மணி கோத்தாற்போல் நேராக இருக்கும். இதற்கு இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. முன்னிறகு பெரிது, பின்னிறகு சிறிது. கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கிறது. எறும்புதான்.

ராணியா, ஆணா? ராணிக்குத் தலை அகலம், வயிறு பருமன். இதற்குத் தலை சிறியது, கண்கள் பிதுங்கியவை, தாடை மெலிந்தது, வயிறு ஒல்லி. கொம்பின் கணுக்களை மூன்று முறை எண்ணினேன். பதின்மூன்று. ராணிக்கும் வேலைக்கார எறும்புக்கும் பன்னிரண்டுதான். ஆண்.

கருவுறாத முட்டையில் பிறந்தது இது. அப்பா கிடையாது, அம்மாவைப் பெற்ற தாத்தா மட்டும் உண்டு. புற்றை விட்டுப் பறந்த பின் திரும்பாது, சில நாளில் செத்துப்போகும். ஆனால் இணை சேர்ந்திருந்தால், அதன் விந்தை ராணி தன் உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பாள். தகப்பன் செத்து வெகுகாலம் கழித்தும் மகள்கள் பிறந்துகொண்டேயிருப்பார்கள். மகன் ஒருவன்கூடப் பிறக்கமாட்டான். இதைப் படித்த நாளிலிருந்து, விளக்கடியில் செத்துக் கிடப்பவற்றை என்னால் சாதாரணமாகப் பெருக்கித் தள்ள முடிவதில்லை.

பெயர் என்ன? கொம்பு முளைக்கும் குழி, வாய்க்கு மேலுள்ள தட்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளியிருக்கிறது. இடுப்பில் கணு ஒன்றே. மாயர் 1861இல் பெயரிட்ட கம்போனோட்டஸ் பேரினம் என்று நம்பலாம். ஆங்கிலத்தில் இவற்றைத் தச்சர் எறும்பு என்பார்கள், மரத்தைக் குடைந்து கூடு கட்டுவதால், தின்பதற்காக அல்ல. நம் கட்டெறும்போ பெரும்பாலும் மரத்தடி மண்ணில்தான் குடியிருக்கிறது.

ஃபாப்ரிசியஸ் 1787இல் விவரித்த அந்தக் கட்டெறும்பேதான் இது, கம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ், என்று எழுதக் கை துடித்தது. எழுதவில்லை. இந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றைப் பிரித்தறியும் நூல்கள் பெரும்பாலும் வேலைக்கார எறும்பை வைத்தே எழுதப்பட்டவை. ஆணின் படம் ஒன்றை மட்டும் பார்த்து இனம் சொல்வது ஊகம். குறிப்பேட்டில் 'கம்போனோட்டஸ், ஆண்' என்று மட்டும் எழுதினேன். தெரிந்த அளவோடு நிற்பது அந்த உயிருக்குச் செய்யும் மரியாதை என்றே எனக்குப் படுகிறது.

மாலையில் தொல்காப்பியப் பூங்கா பக்கம் நடந்தபோது வேப்பமரத்தடித் துளைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். இறகுள்ளவை வெளியேறும்போது வாசலில் வேலைக்கார எறும்புகளும் திரண்டு நிற்கும். நீங்கள் அதைப் பார்க்க நேர்ந்தால், பக்கவாட்டிலும் மேலிருந்தும் படம் எடுங்கள். கூட நிற்கும் வேலைக்கார எறும்பையும் சேர்த்து எடுங்கள். இனத்தின் பெயரை அதுதான் சொல்லும். எடுத்து முடித்ததும் மாடி விளக்கை அணைத்துவிடுங்கள். அவை போகவேண்டிய இடம் விளக்கு அல்ல.