மண் போடலாமா?



இன்றைய முதல் வாசகத்தில், எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாலைநிலப் பாதையில் ஒரு தேர் போகிறது. அதில் இருப்பவர் எத்தியோப்பிய அரசியின் கருவூலம் முழுவதையும் கவனிப்பவர். எசாயாவின் ஏட்டுச்சுருளைக் கையில் வைத்து வாசிக்கும் அளவுக்குப் படிப்பும் வசதியும் உள்ளவர். ஆனாலும் திருத்தூதர் பணிகள் நூல் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. அவர் ஓர் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர், என்று சொல்கிறது. அவரும் இன்றைய திருநங்கையரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாசலோடு நிறுத்தப்படுகிற வலி ஒன்றுதான்.

எவ்வளவு தூரத்திலிருந்து வணங்க வந்திருக்கிறார்! எருசலேமில் அவரை எதுவரை விட்டிருப்பார்கள்? இப்படிப்பட்டவர் ஆண்டவருடைய சபைக்குள் வரலாகாது என்று இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரம் சொல்கிறது. மறைநூலை வாசிக்கிற மனிதருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் வந்தார். திரும்பும் வழியில் அவர் வாசித்தது எசாயா 53ஆம் அதிகாரம்; இழிவுபடுத்தப்பட்டு, தன் பின்னே சந்ததி என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போன துன்புறும் ஊழியரைப் பற்றிய பகுதி. இறைவாக்கினர் இதை யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று, தேரில் ஏறித் தன் பக்கத்தில் அமர்ந்த பிலிப்பு என்னும் சீடரை அவர் கேட்கிறார். என் கதையை இங்கே எழுதிவைத்தது யார் என்று அவர் கேட்பதுபோலவே எனக்குக் கேட்கிறது.

வழியில் தண்ணீரைக் கண்டதும் இன்னொரு கேள்வி கேட்கிறார்: தான் திருமுழுக்குப் பெற ஏதாவது தடை உண்டா? வாழ்நாள் முழுக்கத் தடையையே பார்த்தவர்தான் அப்படிக் கேட்பார். பிலிப்பு என்ன பதில் சொன்னார்? மிகப் பழைய கைப்படிகளில் பதிலே இல்லை. முழு உள்ளத்தோடு நம்பினால் பெறலாம் என்ற வசனம் பின்னாளில் படியெடுத்தவர்கள் சேர்த்தது. அது தவறான வசனம் அல்ல. ஆனால் திருத்தூதர் பணிகள் நூலில் லூக்கா எழுதியபடி, தேர் நின்றது. இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அவ்வளவுதான் பதில்.

அன்பானவர்களே, அந்தக் கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில், ஒரு பெரியவரின் அடக்கச் சடங்கு. அவருடைய மூத்த பிள்ளை ஒரு காலத்தில் பாடகர் குழுவில் பாடியவர். பெண்ணாக வாழ விரும்பியதால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, பல ஆண்டுகளாக ஊர்ப்பக்கமே வராதிருந்தார். அன்று திருப்பலி முழுவதும், சேலை கட்டிய ஒருவர் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றதை நான் பீடத்திலிருந்தே பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டு முடித்த பிறகு, ஒரு சிறுவன் ஓடி வந்தான். "சாமி, அந்த அக்கா கேக்குறாங்க, அவங்களும் மண் போடலாமான்னு."

பெற்ற தகப்பனின் குழியில் ஒரு பிடி மண் போட, பிள்ளை அனுமதி கேட்டு ஆள் அனுப்புகிறது! நான் வாய் திறக்கவில்லை. உறவினர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலிப்பும் பதில் சொல்லவில்லை, ஆனால் அவர் தண்ணீரில் இறங்கினார். நான் கரையிலேயே நின்றுவிட்டேன்.

நான் நின்ற காலத்தில் நாடு நடக்கத் தொடங்கியிருந்தது. 2008இல் நம் தமிழ்நாடு, இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கைகளுக்கென நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதைச் சொல்லும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்களை, 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு குற்றவாளிகளாக வைத்திருந்தது. வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றம் ஆகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதே நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்க மறுத்துவிட்டது. 

இவற்றுள் என் மனத்தை அசைத்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்று. ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது பற்றித் தனக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதன்பிறகு, 2021 ஜூன் 7 அன்று, இவர்களைப் போன்றவர்களை மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதற்குத் தடை விதித்தார். தேரின் அருகே ஓடி, ஏறி, பக்கத்தில் அமர்ந்து பேசிய பிலிப்பை நான் அந்த நீதிபதியிடம் காண்கிறேன். நீதி சொல்ல வேண்டியவரே முதலில் கற்க அமர்ந்தார் என்றால், மேய்ப்புப்பணி செய்கிற நான் எத்தனை முறை அமர வேண்டும்!

திருஅவை என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற போதனை மாறவில்லை. அதை மாற்ற நான் இங்கே நிற்கவும் இல்லை. ஆனால் ஒருபாலீர்ப்புள்ள பிள்ளைகளை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாட்டின் நிழல்கூட அவர்கள்மேல் விழக் கூடாது என்று நம் மறைக்கல்வி நூலின் 2358ஆம் எண் கற்பிக்கிறது. அதுவும் போதனைதான். முதல் பாதியை உரத்துச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிட நமக்கு உரிமை இல்லை. ஒருபாலீர்ப்பு குற்றம் அல்ல, அதைத் தண்டிக்கும் சட்டங்கள் அநீதியானவை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னார். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அவர் ஒப்புதல் அளித்த ஓர் ஆவணம், இடறலுக்கு இடமில்லாதபோது, பால்மாற்றம் செய்துகொண்டவரும் மற்றவர்களைப்போலவே திருமுழுக்குப் பெறலாம் என்றது. எத்தியோப்பியர் கேட்ட கேள்விக்கு உரோமையிலிருந்து வந்த பதிலாகவே அதை நான் வாசித்தேன்.

பெற்றோரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளை தன்னைப் பற்றி வாய் திறந்து சொல்லும் அந்த இரவில் கையை ஓங்காதீர்கள். பேயோட்டுகிறவரிடம் இழுத்துப் போகாதீர்கள். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று அவசரக் கல்யாணம் செய்துவைத்து, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள். நாம் தெருவில் விட்ட பிள்ளையை, திருநங்கையர் கூடி வாழும் ஜமாத்தில் மூத்த திருநங்கை ஒருவர் மகளாகத் தத்தெடுத்துச் சோறு போடுகிறார். இறுதித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் யாரை வலப்பக்கம் நிறுத்துவார் என்று எண்ணிப் பாருங்கள்.

பங்கின் அன்பியக் குழுக்களில் இருப்பவர்களே, சட்டம் திருநங்கையருக்கு அடையாள அட்டை தரும். வாடகைக்கு வீடு தர வேண்டியவர் நீங்கள். உங்கள் இருக்கையில் அவர்கள் வந்து அமரும்போது நகர்ந்து இடம் கொடுங்கள். எழுந்து இடம் மாறாதீர்கள்.

தன்னைப் பற்றிய இந்த உண்மையை மனத்துக்குள் சுமந்துகொண்டு இங்கே அமர்ந்திருக்கும் தம்பி, தங்கையே, எத்தியோப்பியர் வாசித்த இடத்திலிருந்து மூன்று அதிகாரம் தள்ளி, எசாயா 56ஐ எடுத்து வாசி. சபைக்குப் புறம்பாக்கப்பட்ட அண்ணகருக்குத் தம் இல்லத்திலேயே ஒரு பெயரைத் தருவதாகக் கடவுள் வாக்களிக்கிறார். புதல்வர் புதல்வியரைப் பெற்றிருப்பதைவிட மேலான, அழியாத பெயர் அது.

கல்லறைத் தோட்டத்தில் நான் பேசாமல் நின்றேன் என்றேன். என்னை மீட்டவர் அந்தப் பிள்ளையின் தாய். எந்தத் தீர்ப்பையும் அவர் வாசித்தவர் அல்லர். குழியருகே உட்கார்ந்திருந்தவர் கையை ஊன்றி எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேப்பமரத்தை நோக்கி, அந்த வயதில், ஓட்டமும் நடையுமாகப் போனார். பிள்ளை தனக்கெனத் தேர்ந்துகொண்ட பெயரை அதுவரை அந்த ஊரில் எவரும் உச்சரித்ததில்லை. அந்தப் பெயரைச் சொல்லி, ஊரே கேட்கக் கூப்பிட்டார்: "வாம்மா, அப்பாவுக்கு மண் போடு."

அவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் நானும் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். ஆமென்.