எண்பதுக்கு மேல்

ஆம்பூரைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையோரத்துச் சார்ஜிங் நிலையமொன்றில் என் மின்காரை நிறுத்தியிருந்தேன். இரண்டு கன்களில் ஒன்று வேலை செய்யவில்லை. பின்னால் ஒரு மின்சார டாக்ஸி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து திரையைப் பார்த்தார். 82 சதவீதம்.

"முடிஞ்சிடுச்சா சார்?"

"இன்னும் கொஞ்சம்."

"பரவால்ல சார், முடிச்சுக்குங்க."

94 வரை நின்றேன்.

லித்தியம் பாட்டரியின் சுபாவம் அப்படி. வெறும் வயிற்றில் ஆவேசமாக வாங்கிக்கொள்ளும். 80-ஐ நெருங்கும்போது ஸெல்லின் மின்னழுத்தம் உச்சவரம்பைத் தொடுவதால் மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் கிராஃபைட் முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து பாட்டரி கெடும். 20-லிருந்து 82-க்கு எனக்கு முக்கால் மணி ஆயிற்று. மேற்கொண்டு வெறும் 12-க்கு அரை மணி. நான் பணம் கட்டியது யூனிட்டுக்கு. அந்த அரை மணிக்கு யாரும் என்னிடம் விலை கேட்கவில்லை. அதைக் கொடுத்தவர் டாக்ஸிக்காரர்.

1960-இல் வெளிவந்த 'இயங்கியல் பகுத்தறிவின் விமர்சன'த்தில் சார்த்தர், பாரிஸில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப் பற்றிப் பேசுகிறார். அருகருகே நின்றும் தனியர்கள்; ஒருவரிடத்தில் இன்னொருவரை மாற்றி வைத்துவிடலாம். ஆனால் அங்கே பஸ் வெளியிலிருந்து வருகிறது, தாமதத்துக்கு முகமில்லை. இங்கே டாக்ஸிக்காரர் காத்திருந்த பஸ் நான்தான்.

பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுப்பொய்யில்லை – கிருஷ்ணகிரிக்கப்புறம் ஓசூர்வரை நிலம் ஏறிக்கொண்டே போகிறது. ஏற்றம் மின்சாரத்தைத் தின்னும். ஆனால் பெங்களூர் சேர்ந்தபோது மிச்சம் 31. 82-இலேயே கழற்றியிருந்தாலும் 19 மிஞ்சியிருக்கும். இந்தக் கணக்கை அங்கேயே, திரையைப் பார்த்துக்கொண்டே போட்டிருக்கலாம். நான் போடவில்லை.

அவர்தான் சம்மதித்தாரே என்று நண்பரொருவர் கேட்டார். அந்தச் சம்மதம்தான் உறுத்துகிறது. டாக்ஸியின் பின் ஸீட்டிலிருந்தவர் அடிக்கடி கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடத்தில் இன்னொரு டாக்ஸிக்காரர் இருந்தால், "போதும்ப்பா, எடு" என்றிருப்பார். அவரும் எடுத்திருப்பார், இல்லை இருவரும் சண்டை போட்டிருப்பார்கள். 'சார்' என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தவருக்கு அந்த வாக்கியத்தை வேறெப்படி முடிப்பது சாத்தியம்? மறுக்க இடமில்லாதவர் தந்த அனுமதியை அனுமதியென்றே எடுத்துக்கொண்டேன். அது வசதியாக இருந்தது. பெட்ரோல் பங்கில் இந்த மாதிரிச் சங்கடம் எனக்கு நேர்ந்ததில்லை. ஐந்து நிமிஷத்தில் இதற்கெல்லாம் நேரமேது.

கழற்றியதும் கன்னை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். கனத்த கேபிள், தரையில் விழாதிருக்க ஒரு கணம் இருவரும் அதைப் பிடித்திருந்தோம். "தாங்க்ஸ் சார்" என்றார்.