பொய்யிரையின் தருமம்

தூண்டிலில் உயிருள்ள இறாலைக் கோத்து மீனைப் பிடிப்பதற்கும், மரத்திலோ தகட்டிலோ இறப்பரிலோ மீனின் வடிவைச் செய்து நீரில் ஓடவிட்டு, அதனை மெய்யென்று நம்பி வரும் மீனைப் பிடிப்பதற்கும், தருமத்தின் முன்னிலையில் ஏதேனும் வேறுபாடு உண்டா என்னும் வினா, களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலே மாலைப் பொழுதில் தூண்டிற்கோலோடு நிற்கும் இளைஞரைப் பார்த்தவர் சிலருக்கேனும் எழுந்திருக்கும். முன்னையதில் மீனுக்கு ஒரு வாய் உணவாவது கிடைக்கின்றது. பின்னையதில் அதுவும் இல்லை. கொடுப்பதாகக் காட்டியது முழுவதும் பொய். உயிரைக் கவர்வது ஒரு பாவமாயின், பொய் காட்டிக் கவர்வது இரட்டைப் பாவமன்றோ என்று கேட்போரும், மீனிடத்தில் மெய் என்ன, பொய் என்ன என்று தள்ளிவிடுவோரும் நம்மிடையே உளர். இரு சாராரும் விஷயத்தை முழுதும் நோக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதனை ஆராய்வதற்குக் கொச்சிக்கடையைவிடப் பொருத்தமான இடம் கொழும்பிலே வேறில்லை. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கக் குருமார் மறைந்து வாழ்ந்த காலத்தில், அந்தோனியோ என்ற குருவானவரிடம் முகத்துவாரத்து மீனவர்கள் ஓடிவந்து, தங்கள் குடிசைகளை விழுங்கவரும் கடலைத் தடுக்குமாறு வேண்டினார்கள் என்றும், அவர் கரையிலே சிலுவையை நாட்டிச் செபிக்கக் கடல் பின்வாங்கியது என்றும் பரம்பரையாகச் சொல்லப்படும் வரலாற்றின்மேல் எழுந்ததே, 1834 இல் அபிஷேகம் பெற்று, இன்று செவ்வாய்க்கிழமைதோறும் சாதிமத பேதமின்றிச் சனங்கள் திரளும் அந்தோனியார் கோவில். அக்கோவிலின் புனிதரான அந்தோனியாரோ மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர். இத்தாலியிலே ரிமினி நகரத்து மாந்தர் அவருடைய உபதேசத்தைச் செவிமடுக்க மறுத்தபோது, அவர் ஆறும் கடலும் கூடும் இடத்திலே போய் நின்று மீன்களை அழைத்தார் என்றும், அவை கூட்டங்கூட்டமாக வந்து நீருக்குமேல் தலையை நிமிர்த்தி நின்று கேட்டன என்றும் பிரான்சிஸ்கு சபையாரின் பழைய கதை கூறும். 1231 ஆம் ஆண்டு யூன் 13 இல் அவர் மரித்த பின்னர் அழியாதிருந்ததாகச் சொல்லப்படும் அந்த நாவின் சிறு துண்டொன்று இக்கோவிலிலே பேழையில் வைத்துப் போற்றப்படுகின்றது.

அங்கிருந்து சிறிது தூரத்திலேதான், பொன்னம்பல முதலியார் 1857 இல் எழுப்பியதும், பின்னர் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கியதுமான பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் நிற்கின்றது. சைவர் வணங்கும் அறுபத்துமூவருள் அதிபத்த நாயனார் நாகப்பட்டினத்து நுளைப்பாடியிற் பிறந்த பரதவர். வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலே விட்டுவிடும் விரதம் பூண்டவர். மீன்பிடித்தலைப் பற்றிய இரண்டு பெரும் சிந்தனைகள் இவ்வாறு ஒரே பேட்டையில் அருகருகே இருக்கின்றன. மெய்யான சொல்லால் மீனை அழைத்தவர் ஒருவர். கைக்கு வந்த மீனைத் திருப்பி விட்டவர் மற்றொருவர். பொய்யிரை வீசும் இளைஞன் இவ்விருவருக்கும் நடுவே நிற்கிறான்.

அவன் நாடும் மீன், ஆங்கிலேயர் கடற் பாஸ் என்று பெயரிட்ட கொடுவா. உவர்நீரிற் பிறந்து, ஆற்றிலும் களப்பிலும் வளர்ந்து, முட்டையிடுவதற்கு மீண்டும் கழிமுகத்தின் உப்புநீருக்கு இறங்கிவரும் இம்மீன், முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறும் விசித்திர இயல்புடையது. ஆகவே பெரிய கொடுவா என்றாற் பெரும்பாலும் தாய் மீன் என்றே கொள்ளவேண்டும். இரையைத் துரத்திக் கடிப்பதைவிட, மறைந்திருந்து, இரை அருகில் வந்த கணத்தில் வாயை அகலத் திறந்து, நீரோடு இரையையும் உள்ளே இழுத்துக்கொள்வதே அதன் வழக்கம். பாறை இடுக்கு, பாலத்தின் தூண், வீழ்ந்த மரம், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் நீர்க்கோடு ஆகியன அது பதுங்கும் இடங்கள்.

பொய்யிரையின் நுட்பத்தை உலகம் அறியச் செய்தவருள் ஒருவர் பின்லாந்து தேசத்து ஏழை மீனவர் லவுரி ரப்பாலா. ஏரியிலே பெரிய மீன்கள் குஞ்சு மீன் திரளைச் சுற்றிவருவதை நெடுங்காலம் உற்றுநோக்கிய அவர், அத்தனை மீன்களுள்ளும் சற்றே தள்ளாடி நீந்தும் ஒன்றையே அவை தெரிந்து விழுங்குவதைக் கண்டு, 1936 இல் தக்கையைச் சீவி, சொக்கலேற் சுற்றிவரும் ஈயத்தாளைப் போர்த்தி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, தள்ளாடி நீந்தும் ஒரு மீனைச் செய்தார். இதிலே நாம் நின்று சிந்திக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர் செய்தது அழகிய மீனின் உருவம் அன்று. காயம்பட்ட மீனின் உருவம். மெலிந்ததை முதலில் விழுங்குவது என்ற இயற்கையின் கடிய நியாயத்தையே அவர் தூண்டிலாக வளைத்தார். இந்தப் பொய் இயற்கைக்கு வெளியேயிருந்து வந்ததன்று. இயற்கையினுள்ளே முன்னமே இருந்த மெய்யொன்றின் நிழல் அது.

பொய்யிரை வீசுவோன் நாள்தோறும் அறிந்துகொள்வதும் இதுவே. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற் காற்றோடு மழை வலுக்கும் காலத்தில், சிவனொளிபாதமலைச் சாரல்களிலிருந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் களனி, முகத்துவாரத்துக்கு அப்பாலும் கடலைச் செந்நிறமாக்கிவிடும். அப்பொழுது மீனின் கண்ணுக்கு வேலை குறைவு. உடலின் பக்கக்கோட்டால் உணரும் நீரதிர்வே அதற்கு வழிகாட்டி. ஆகவே வெள்ளிபோல் மின்னும் சிறிய இரை அங்கே பயன்படாது. பருத்ததாய், கறுப்போ கடும் மஞ்சளோ பூசியதாய், உள்ளே குண்டுமணிகள் ஒலிப்பதாய் உள்ளதை மெதுவாக இழுக்கவேண்டும். மாசி பங்குனியில் நீர் தெளிந்து காற்றும் அடங்கியபோதோ, சிறிய இரையும், மெல்லிய நூலும், ஒளி சாயும் வேளையும் வேண்டும். கொழும்புக் கடலில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவேயாதலின், கடல் ஏறுவதைவிட ஆறு இறங்குவதையே இங்கு உற்றுநோக்கவேண்டும். மழைக்குப்பின் கால்வாய்களிலிருந்து இறாலும் சிறுமீனும் அடித்துவரப்படும் நேரமே கொடுவா வாய்திறக்கும் நேரம். எதிர்காற்று வலுத்தால் மர மீனை வைத்துவிட்டுக் கனத்த உலோகத் தகட்டைக் கட்டவேண்டும். நேற்றைய இரையை இன்றும் கட்டிக்கொண்டு நிற்பவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். ஏமாற்ற வந்தவன், நீரின் நிறம், காற்றின் திசை, ஒளியின் சாய்வு, மீனின் பசி ஆகிய யாவற்றுக்கும் பணிந்து, அவை சொல்லியபடி தன் பொய்யை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியவனாகிறான். பொய்க்குச் சொந்த முதல் கிடையாது; அது மெய்யிடத்திற் கடன்பட்டே வாழ்கின்றது.

வேதாந்திகள் கிளிஞ்சலில் வெள்ளியைக் காணும் மயக்கத்தை உதாரணமாகக் காட்டுவர். அங்கே கிளிஞ்சல் ஒருவரையும் ஏமாற்றவில்லை. காண்பவனுடைய ஆசையே முன்பு கண்ட வெள்ளியை அதன்மேல் ஏற்றிவிடுகின்றது. இதைக் கொண்டு, மீனை ஏமாற்றுவது அதன் சொந்தப் பசியே, தூண்டிற்காரனுக்குத் தோஷம் இல்லை என்று வாதிக்கச் சிலர் முற்படுவர். இந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன். கடற்கரையிற் கிடக்கும் கிளிஞ்சலை ஒருவரும் வெள்ளியாகும்படி செதுக்கிவைக்கவில்லை. பொய்யிரையோ மயக்கத்தை உண்டாக்க வேண்டும் என்ற சங்கற்பத்தோடு செய்யப்பட்டது. மயங்குவது மீனின் இயல்பாயினும், மயக்கத்தை விரும்பியது மனிதனுடைய சித்தமாகவே இருக்கின்றது. தத்துவத்தை நம் குற்றத்துக்குப் போர்வையாக்குவது தத்துவத்துக்குச் செய்யும் அபசாரம்.

கிறிஸ்தவ வேதசாஸ்திரிகளும் இந்த வினாவின் அருகே வந்திருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டிலே நீசா நகரத்து கிரகோரியார், தேவத்துவம் மானிட மாமிசத்தின் உள்ளே தூண்டில்முள்போல் மறைந்திருக்க, பேராசை கொண்ட மீனைப்போலச் சாத்தான் அதனை விழுங்கி அகப்பட்டான் என்று எழுதி, கடவுள் ஏமாற்றலாமோ என்ற ஆட்சேபத்தையும் தாமே எழுப்பி, நோயாளியைக் குணப்படுத்த மருந்தை மறைத்துக் கொடுக்கும் வைத்தியன்மேற் குற்றம் இல்லையே என்று சமாதானமும் கூறினார். நெஞ்சை இழுக்கும் உருவகந்தான். ஆயினும் பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலே அன்செல்ம் முதலியோர் இவ்வழியைக் கைவிட்டு, மீட்பை நீதியின் வழியாக விளக்க முயன்றார்கள். பொய் என்பதைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதிய அகுஸ்தீனாரோ, உள்ளத்துக்கு மாறாக, ஏமாற்றும் எண்ணத்தோடு பேசுவதையே பொய் என்று கொண்டு, எக்காரணத்தாலும் அது ஆகாது என்றார். தோமாஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு பிரிவு செய்தார். யுத்தத்திற் பதுங்கித் தாக்குவது நியாயமா என்று ஆராயுமிடத்து, பொய் சொல்லியும் வாக்குத் தவறியும் பிறரை ஏமாற்றுவது எப்போதும் குற்றம்; நம் கருத்தை வெளியிடாமையால் பிறர் ஏமாறுவது அவ்வாறன்று என்று முடித்தார். இவ்வளவையும் தூண்டிலோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று விளங்குகின்றது. பொய் என்பது ஒருவரோடொருவர் பேசி நம்பிக்கை வைத்து வாழும் உறவைக் குலைப்பது. மனிதனுக்கும் கொடுவாவுக்கும் இடையே அப்படி ஓர் உடன்படிக்கை இருந்ததில்லை. ஆதலின் பொய்யிரை வஞ்சகமே எனினும், பொய்சொல்லல் என்ற பாவத்தின் முழு இலக்கணமும் அதற்குப் பொருந்தாது.

அப்படியானால் பாரம் எங்கே இருக்கின்றது? திருவள்ளுவர் கொல்லாமை அதிகாரத்திலே, அறங்களுள் ஒப்பற்றது கொல்லாமை என்று வைத்து, பொய்யாமையை அதன் பின்னாலேயே நிறுத்துகிறார். பொய்யிரையைக் கண்டு முகஞ்சுளித்து, வலையைக் கண்டு சும்மா இருப்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். மீனுக்கு நேர்ந்த பெரிய கேடு, அது ஏமாந்தது அன்று, அது இறந்தது. அந்தக் கேட்டிலே முகத்துவாரத்து மீனவனுக்கு மட்டும் பங்கு என்று எண்ணுவதும் தவறு. உண்பார் இல்லாவிடில் விற்பாரும் இல்லை என்பது புலான்மறுத்தலிற் சொல்லப்பட்ட நியாயம். சந்தையிலே கொடுவாத் துண்டத்தைப் பேரம் பேசி வாங்கும் நாமும் அந்தத் தூண்டிலின் மறுமுனையைப் பிடித்திருக்கிறோம். பேதுருவும் அந்திரேயாவும் மீனவராகவே அழைக்கப்பட்டனர். அவர்கள் பிடித்த மீனைக் குறித்து ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. அதிபத்தரும் வலையைக் கிழித்தெறிந்து முத்தி பெறவில்லை, வலையோடிருந்தே பெற்றார். பசிக்காகவும் சீவனத்துக்காகவும் பிடிப்பவனைப் பற்றி இதற்குமேற் பேச நமக்கு அதிகாரம் இல்லை.

பசியின்றிப் பொழுதுபோக்குக்காகப் பிடித்து, அளந்து, படமெடுத்து, மீண்டும் நீரில் விடுபவரே கடினமான வினாவை எழுப்புகிறார்கள். நாங்கள் கொல்வதில்லையே என்பது அவர்கள் கூற்று. கொல்லாமல் விடுவது கொல்வதினும் நன்று என்பதை மறுக்கமுடியாது. ஆனால் அதிபத்தர் விட்டதையும் இவர்கள் விடுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பெரிய புராணம் கூறுமாறு, நாள்தோறும் ஒரே மீன் மட்டும் வலைப்பட்ட பஞ்ச காலத்தில், சுற்றத்தார் பசியால் வாடவும் தாம் உடல் மெலியவும், அந்த ஒன்றையும் அவர் இறைவனுக்கென்று விட்டார். இறுதியில் பொன்னும் நவமணியுமாக ஒளிர்ந்த மீன் கிடைத்தபோது அதனையும் விட்டார். அவருக்கு அந்த மீன் தேவையாயிருந்தது. தேவையானதைத் துறந்தமையால் அது அர்ப்பணம் ஆயிற்று. தேவையற்றதைப் பிடித்து, தேவையற்றது என்று விடுவதிலே துறவு எங்கே இருக்கின்றது? அங்கே மீனின் வலியும் திகைப்பும் நம் மகிழ்ச்சிக்கு விலையாகக் கொடுக்கப்படுகின்றன. அதற்கு ஈடாக ஒருவர் வயிறும் நிறையவில்லை. உணவுக்காக வீசப்பட்ட பொய்யிரைக்கு நான் தேடிய சமாதானம் ஒன்றும் இந்த வீச்சுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

இனி, பிடிப்பதென்று துணிந்தவனுக்குக் கருவியைப் பேணுவதே தருமத்தின் பெரும்பகுதி என்று சொல்லுவேன். கொடுவாவின் செவுள்மூடி ஓரம் கத்திபோற் கூரியது; வாயோ அரம் போன்றது. மெல்லிய நூலோடு பொய்யிரையை நேரே கட்டியவன், மீன் ஒருமுறை தலையை உதறியதும் நூலை இழப்பான். மீனோ மூன்று முள் சேர்ந்த கொத்து வாயிலே தைத்தபடி பாறைக்கடியிற் போய்ப் பட்டினி கிடந்து சாகும். அந்தச் சாவு ஒருவருக்கும் உணவாகாது. ஆகவே பொய்யிரைக்கு முன்னால் ஒரு பாகமேனும் தடித்த தங்கூசியைக் கட்டுவதும், வெள்ளம் வலுத்த நாளிலே நூலின் பலத்தைக் கூட்டுவதும், றீலின் இறுக்கத்தைப் பாறையின் அருகாமைக்கேற்பத் திருத்துவதும், உப்புநீர் பட்ட முட்களை நன்னீரிற் கழுவித் துருவேறியவற்றை எறிந்துவிடுவதும் வெறும் சாமர்த்தியம் அல்ல. கவனக்குறைவால் விளையும் ஹிம்சையைத் தடுக்கும் கடமை. பாறையில் உராய்ந்த நூலை விரலால் தடவிப் பார்த்து வெட்டியெறியச் சோம்பல்படுபவனைவிட, பொய்யிரையைப் பழிப்பவனுக்கு மீனிடத்திலே கருணை குறைவாகவும் இருக்கலாம். ஆனால் தீங்கு விளைவிப்பவன் சோம்பல்படுபவனே.

முகத்துவாரத்துக்கும் காக்கைத்தீவுக்கும் கோலெடுத்துச் செல்லும் தம்பிமாருக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான்: வீட்டிலே அடுப்பு அந்த மீனை எதிர்பார்த்திருக்கும் நாளில் மட்டும் போங்கள், முள்ளின் நுனியிலே பின்னோக்கி நிற்கும் கூரை அரத்தால் தேய்த்துவிடுங்கள், முட்டைகளைப் பல இலட்சமாகச் சுமந்து கழிமுகத்துக்கு இறங்கிவரும் பெரிய தாய்க் கொடுவா அகப்பட்டால், அதனை நீரைவிட்டு உயர்த்தாமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள், ஒரு குடும்பத்துக்குப் போதுமானது கிடைத்ததும் கோலைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புங்கள்.