தாளிக்காத தட்டு

நம் சமையல் பெரும்பாலும் மன்னிக்கிற சமையல். தக்காளி வெம்பலாக இருந்தால் புளி கொஞ்சம் கூடும். கீரை வாடிவிட்டால் மசியலாகிவிடும். பருப்பு பழசானால் பெருங்காயம் காப்பாற்றும். கடைசியில் ஒரு கரண்டி தாளிப்பு எல்லாரையும் சமாதானம் செய்துவைக்கும். இத்தாலியின் காப்ரி தீவு பெயரைத் தாங்கிய தக்காளி, மொஸரெல்லா சாலட் இதற்கு நேர் எதிர். தக்காளி, சீஸ், பேசில் இலை, ஆலிவ் எண்ணெய், உப்பு. அடுப்பு கிடையாது, மசாலா கிடையாது. ஐந்தே நிமிஷம் என்பார்கள். வெட்டி அடுக்க ஐந்து நிமிஷம்தான், உண்மை. ஆனால் தக்காளி சரியில்லை என்றால் அதை ஒளித்துவைக்க அந்தத் தட்டில் இடமே இல்லை.

டெல்லி ஜனக்புரியில் இதைச் செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் முட்டிக்கொள்வது சீஸில். மார்க்கெட்டில் மொஸரெல்லா என்று கிடைப்பது பெரும்பாலும் பீட்ஸா சீஸ். ஈரத்தைக் குறைத்து, சூட்டில் உருகி இழுபடுவதற்கென்றே தயாரித்தது. அதைப் பச்சையாக வெட்டிவைத்தால் பல்லுக்குத்தான் வேலை. சாலட்டுக்கு வேண்டியது நீரில் கிடக்கும் ஈரமான வெள்ளை உருண்டை. அதைச் செய்கிறவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள்: ஆரோவில்லில் லா ஃபெர்ம், பெங்களூரில் வல்லொம்ப்ரோசா துறவிகள், டெல்லியிலேயே சிலர். விலைதான் கையைக் கடிக்கும்.

இத்தனைக்கும் இத்தாலியில் பெயர்போன காம்பானியா வட்டாரத்து மொஸரெல்லா எருமைப்பாலில் செய்வது. அந்தப் பெயருக்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. உலகத்து எருமைகளில் பாதிக்கு மேல் இருப்பதோ இந்தியாவில். அதிலும் சிறந்த முர்ரா இனம், சுருண்ட கொம்பும் கன்னங்கரிய தோலுமாக, ஹரியானாவில் ரோத்தக், ஜீந்த், ஹிஸார் பக்கத்துச் சொத்து. எங்கள் வீட்டிலிருந்து நஜஃப்கர் ரோட்டில் உத்தம் நகரைத் தாண்டினால் காக்ரோலா டெய்ரி காலனி. விடிவதற்குள் அங்கே கறந்த பால் கேனில் ஏறி மோட்டார் சைக்கிளில் ஜனக்புரி பிளாக்குகளுக்கு வந்துவிடுகிறது. நாங்கள் அதைக் காய்ச்சி, ஆடையை எடுத்து நெய்யாக்கி, மிச்சத்தில் காபி குடிக்கிறோம்.

அந்தப் பாலில் மொஸரெல்லா செய்யலாம். இத்தாலியில் முந்தைய நாள் மிஞ்சிய புளித்த சீஸ் நீரை அடுத்த நாள் பாலில் சேர்ப்பார்கள். நம் வீட்டு உறைமோர்க் கணக்குதான். அதோடு கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டும் சேரும். சைவ வீட்டில் அது நடக்காது. ஆகவே வினிகர். பச்சைப் பாலை அப்படியே நம்பக் கூடாது. 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருந்தால் கிருமி போகும், பால் கெடாது. கொதிக்கவிட்டால் வேறு கதை. அதில் பன்னீர் வருமே தவிர இழுபடும் சீஸ் வராது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் பால் திரிந்து, திரிந்தது ஒன்றையொன்று தேடிப்போய்க் கட்டியாகும். பிழிந்து, கொதிக்கக் கொதிக்க உள்ள வெந்நீரில் முக்கி, மறுபடி பிசைய வேண்டும். முதலில் உதிரும். மூன்றாம் முக்கில் திடீரென்று புரோட்டா மாவு போல நீளும், மேல்பரப்பு மினுமினுக்கும். உள்ளங்கை சிவந்துவிடும். அமிலம் சரியான அளவு ஏறும்போது பால் புரதத்தைக் கட்டிப்போட்டிருக்கும் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி கரைந்து விடுவதால் வரும் இழுவை இது. அமிலம் ஒரு படி குறைந்தாலும் கூடினாலும் வராது.

தக்காளி அதைவிடப் பிடிவாதம். கடைத் தக்காளிக்கு ருசி இல்லாமல் போனதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணங்களில் ஒன்று 2012-ல் வெளியானது. காம்புப் பக்கம் பச்சை படியாமல் ஒரே சீராகச் சிவக்கும் பழத்தைத்தான் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டு வந்தார்கள். அந்தச் சீரான நிறத்தைத் தரும் மரபணு மாற்றம்தான் பழத்தின் சர்க்கரையையும் குறைத்துவிட்டது. 2016-ல் இன்னொன்று: 12 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் தக்காளி தன் மணத்தை இழக்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. நான் வாங்குவது காய்கறி வண்டிக்காரர் ‘தேசி’ என்று தனியாகக் குவித்திருக்கும் கோணல் பழம். தோள்பட்டையில் பச்சை, பக்கத்தில் மடிப்பு, தொட்டால் அமுங்கும். பிப்ரவரி, மார்ச்சில்தான் அது நன்றாக வரும், மலிவாகவும் இருக்கும். மழைக்காலத்தில் டெல்லிக்கு வருவது இமாசலத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் லாரி ஏறிவரும் கெட்டித்தோல் பழம்.

எருமைப்பாலும் குளிர்காலத்தில்தான் பெருகும். ஆக பாலும் தக்காளியும் ஒரே சமயத்தில் வருகின்றன. குறுக்கே நிற்பது பேசில். ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா விதையைத் தரும் செடி அது. துளசிக்கு உறவு, துளசி போலவே டெல்லிக் குளிர் ஆகாது. ஜனவரியில் மாடத்துத் துளசி கறுத்துப்போவதை இங்குள்ள தமிழர் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜன்னலோரத் தொட்டியில் பேசில் மறுபடி இலைவிடும்போது ஹோலி நெருங்கியிருக்கும். அதற்குச் சில வாரங்களில் வெயில் ஏறி, தேசித் தக்காளி போய்விடும். மூன்றும் சந்திக்கும் நாட்கள் கொஞ்சம்தான். இத்தாலியில் கோடை முழுக்க உள்ள வசதி இது. இங்கே காத்திருந்து பிடிக்க வேண்டும்.

என் மாமியார் அம்பாசமுத்திரத்துக்காரர். முதல் தடவை தட்டைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, காய் நறுக்கி வச்சுருக்கியா? சமையல் எப்போ?” என்றார்.

“இதுதான் அத்தை சமையல். இப்படியே சாப்பிடணும்.”

“தாளிக்காமலா?”

“தாளிக்காமத்தான்.”

அவர் கேள்வியில் கிண்டலைவிட நியாயம் அதிகம். அடுப்படியில் என் வேலை குறைந்திருக்கிறது, மொத்த வேலை குறையவில்லை. காக்ரோலாவில் விடியுமுன் எருமைக்குத் தீவனம் வைப்பவர் கைக்கும், கோணல் பழத்தை நசுங்காமல் கொண்டுவரும் வண்டிக்காரர் கைக்கும் அது இடம் மாறியிருக்கிறது. எளிமை என்று நாம் கொண்டாடும் பலவற்றிலும் இப்படி ஒரு இடமாற்றம் இருக்கிறது. எங்கள் பிளாக்கில் ஓர் இளம் தம்பதியின் சமையலறையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். மேடையில் ஒரு டப்பா கிடையாது. “எதுக்கு ஆன்ட்டி அடைச்சு வைக்கணும்? பத்து நிமிஷத்துல வந்துடும்” என்பார்கள். வருகிறது. மே மாத மதியத்திலும் முதுகில் பையோடு ஒரு பையன் மூன்றாம் மாடி ஏறி வருகிறான். டப்பாக்கள் இவர்கள் வீட்டில் இல்லை, அவன் முதுகில் இருக்கின்றன.

அத்தையின் அலமாரி நேர்மாறு. வற்றல், வடகம், புளி, இரண்டு வருஷத்து நார்த்தங்காய். மினிமலிசம் பேசுகிறவர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். 2023 ஜூலை, ஆகஸ்ட்டில் டெல்லியில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மத்திய அரசு கூட்டுறவு வண்டிகளில் முதலில் 90 ரூபாய்க்கு விற்றது, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். வட இந்தியாவில் பல மெக்டொனால்ட்ஸ் கடைகள் பர்கரிலிருந்து தக்காளியையே எடுத்துவிட்டன. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தக்காளி இல்லாமல் ரசம் வைப்பது தெரிந்த கை அத்தையுடையது. திவசச் சமையலில் இன்றுவரை தக்காளி கிடையாது. நம் சமையல் அது வருவதற்கு முன்பே முழுமையாக இருந்தது. அலமாரியை நிறைத்து வைத்திருந்தவர் யாருக்கும் கடமைப்படாமல் அந்த இரண்டு மாதத்தைக் கடந்தார்.

அதனால் எளிமை உயர்ந்தது, மசாலா மறைப்பது என்ற பேச்சு எனக்கு உவப்பதில்லை. நல்ல பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவருக்குத்தான் ஒன்றும் சேர்க்காமல் சாப்பிடக் கட்டுப்படியாகும். மட்டமான காயைக் கொண்டு நான்கு பேருக்கு ருசியாகப் போடுவது அதைவிடப் பெரிய வித்தை. ஆனால் நான் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சமாளிக்கத் தெரிந்த கை, எது நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதையே விட்டுவிடும். வருஷம் முழுக்க ஒரே ரசம் வைக்க முடிந்ததால்தான், மார்ச் மாதத் தக்காளி வேறு என்பதை இத்தனை காலம் டெல்லியில் இருந்தும் நான் கவனிக்கவில்லை. அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தது, எதையும் சமாளிக்கவிடாத இந்தத் தட்டு. வருஷத்தில் சில வாரம் அதற்கு, மற்றதெல்லாம் அத்தை அலமாரிக்கு என்பது இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு.

செய்முறையில் இனி சொல்ல அதிகமில்லை. ஃபிரிட்ஜில் வைக்காத பழம், விரற்கடைத் தடிமன், மேலே உப்பு, கொஞ்சம் பொறுத்தால் பழம் நீர்விடும், அதில் எண்ணெய் கலந்து தானே ஒரு சாறாகும். இலையைக் கத்தியில் நறுக்காமல் கையால் கிள்ளிப்போடலாம். சீஸ் பிழிந்த நீரைக் கொட்டுவதில்லை, சப்பாத்தி மாவுக்குப் போகிறது.

போன ஹோலிக்குத் தட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்ததும் அத்தை எழுந்து போய், முந்தைய மே மாதம் மொட்டைமாடியில் காயவைத்த மோர்மிளகாயில் நாலைப் பொரித்து எடுத்துவந்தார். ஒன்றை நொறுக்கி மொஸரெல்லா மேல் தூவி வாயில் போட்டுக்கொண்டார். “இப்போ சாப்பிடலாம்” என்றார். நானும் தூவிக்கொண்டேன். காப்ரிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது.